மீனின் இன்னொரு கண்

ஃப்ளோரா: ...பத்து மணிக்கு லாரி வந்துடும்யா, மீன ஏத்த.

லோகநாதன்: வரட்டும். வந்துட்டு காலியா போவட்டும். பழைய சாமான்ல செஞ்ச மீனு, அதுவும் ஒத்தக் கண்ணு. எவன் ஏத்துவான்?

ஃப்ளோரா: இதையே சொல்லி ரெண்டு தபா திருப்பி அனுப்ச்சிட்ட. இன்னொரு தபா வரமாட்டேன்னு கண்காட்சிக்காரரு போன்ல சொல்லிட்டாரு.

லோகநாதன்: ஆருகிட்ட சொன்னாரு?

ஃப்ளோரா: என் காயலான் கடை போனுக்குத்தான்யா பண்ணாரு. உனுக்கு ஏது போனு?

லோகநாதன்: ஆர்பர்ல கிரேன் ஓட்டும்போது எனுக்குன்னு தனி லைனே இருந்திச்சு. ஜப்பான்காரன் நேரா எனுக்குத்தான் பண்ணுவான். 'நீ கைய வெச்சாதான் என் சரக்கு எறங்குது'ன்னு...

ஃப்ளோரா: தமிழ்லயா?

லோகநாதன்: பின்ன? 'இன்னா மாமு'ன்னுதான் ஆரம்பிப்பான்.

ஃப்ளோரா: ...இந்தா. இன்னிக்கு கடைக்கு வந்த மொத சாமான். ஒடஞ்ச குடைக்கம்பி.

லோகநாதன்: குடு. மீனு மீசைக்கு ஆவும்.

ஃப்ளோரா: போணி நேரத்துல சும்மா குடுத்தா கடைக்கு ஆவாது. தெனம் குடுக்கற மாதிரி ஒரு பொய்ய குட்த்துட்டு வாங்கு.

லோகநாதன்: இது... பர்மா ராணியோட குடை. காத்துல பறந்து எண்ணூர் மொகத்துவாரத்துல வுழுந்திச்சு. ஒரு எறா புட்ச்சிகினு கரைக்கு வந்திச்சு.

ஃப்ளோரா: எறாவா...

லோகநாதன்: யான சைஸு எறா.

ஃப்ளோரா: மூணு வருஷமா எத்தினி பொய்யி. கடல் ஒதுக்குன ரப்பர் செருப்பு ஒண்ணொண்ணும் ஒரு கேப்டனோடதுன்ன. இப்ப செதிலு பூரா கேப்டனுங்கதான்.

லோகநாதன்: நாலாயிரம் கேப்டன். அத்தினி பேரும் எடது கால தொலைச்சவனுங்க.

ஃப்ளோரா: அது கெடக்கட்டும். வாலு ஏன்யா முடியவே மாட்டேங்குது? நேத்து சாயங்காலம் முழுசா கட்டியிருந்த. இப்ப பாதிதான் கீது.

லோகநாதன்: கடக்காத்து. வலைக்கயிறு அவுந்துக்குது.

ஃப்ளோரா: காத்து வந்து முடிச்ச அவுத்து, கயிற அழகா சுருட்டியும் வெச்சிட்டு போச்சா?

லோகநாதன்: ...திருவொத்தியூர் காத்தும்மா. ஒழுக்கமானது.

ஃப்ளோரா: இன்னிக்கு போவலன்னா, ரோடு போட வர்றவங்க இத குப்பைன்னு அள்ளிடுவாங்க. தெரியுமில்ல?

லோகநாதன்: குப்பைலேந்து வந்ததுதான. போவட்டும்.

ஃப்ளோரா: அப்டி சொல்லாத. என் கடை சாமான் மூட்டை மூட்டையா இதுல கீது. நாலு ஊரு பாக்கணும் இத. ...இந்தா, பாரு.

லோகநாதன்: இன்னா இது... கப்பல் வெளக்கு கண்ணாடி. பச்ச. மீனோட மொதக் கண்ணு மாதிரியே... குடு, குடு.

ஃப்ளோரா: கைய எடு. மொதல்ல வெல.

லோகநாதன்: குடைக்கம்பியோட போணி முடிஞ்சிதே.

ஃப்ளோரா: அது கடை போணி. இது என் போணி.

லோகநாதன்: சரி... டச்சுக்காரன் ஒருத்தன், ஒத்தக் கண்ணன்...

ஃப்ளோரா: பொய் வேணாம். இதுக்கு நெசம்தான் வெல. ஒண்ணே ஒண்ணு.

லோகநாதன்: ...அதெல்லாம் நா கைல வெச்சிக்கறதில்ல, ஃப்ளோரா.

ஃப்ளோரா: தேடிப் பாரு. மொனைல லாரி சத்தம் கேக்குது.

லோகநாதன்: ...வால நாந்தான் பிரிச்சேன். தெனம், நீ கடைய மூடிட்டு ராயபுரம் பஸ்ஸு ஏறுனப்புறம்.

ஃப்ளோரா: அது எனுக்கு தெரியும். தெரிஞ்சது செல்லாது.

லோகநாதன்: மீனு போய்ட்டா... காலைல மூட்டைய தூக்கிகினு நீ இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு ஒரு காரணமும் இருக்காது. முப்பது வருஷத்துல எத்தினியோ கப்பல அனுப்ச்சிட்டேன். ஒண்ணையும் போவாதன்னு சொன்னதில்ல. இப்ப சொல்லணும்போல கீது.

ஃப்ளோரா: மீனையா?

லோகநாதன்: ...மீனையும்.

ஃப்ளோரா: ...இந்தா. வெல வந்துட்ச்சு. எடுத்து ஒட்டு.

லோகநாதன்: இரு. மொதக் கண்ண குட்த்தப்ப, இதுக்கு ஜோடி இல்ல, ஒண்ணுதான் வந்துச்சுன்ன. மூணு வருஷமா யானைக்கவுனிலேந்து காத்திவாக்கம் வரிக்கும் தேடாத எடமில்ல. இத எங்கேந்து புட்ச்ச?

ஃப்ளோரா: ...ரெண்டும் ஒரே மூட்டைலதான்யா வந்துச்சு.