நகரும் புள்ளி

சாம்பார் சிந்தாமல் வண்டி ஓட்டுவதில் நான் கெட்டிக்காரன், ஐயா. மற்றபடி பயந்தாங்கொள்ளி. மேலாளர் மனிதராக இருந்தால் காலில் விழலாம். செல்போன் செயலிக்குக் கால் கிடையாது. தாமதமானால் காரணம் கேட்காது, ஆர்டரைக் குறைக்கும். அதற்கும் மசியாவிட்டால் கணக்கையே முடக்கும். எனக்குக் கடைசி எச்சரிக்கை அன்று காலையில்தான் வந்திருந்தது.

சமீரும் நானும் கும்பகோணத்தில் ஒரே செயலிக்குச் சாப்பாடு சுமப்பவர்கள். அன்று மதியம் இருவருக்குமே நீடாமங்கலம் சாலைப் பக்கம் ஆர்டர். அறுவடைக் காலம், பாதிச் சாலையில் நெல் காய்ந்தது. காயப்போட்டவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வழக்கமாக அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம். அன்று செயலி சிவப்பில் அவசரப்படுத்தியது. முன்னால் போன சமீர் இறங்கவில்லை. நெல்லில் சக்கரம் வழுக்கி, மதகுக் கட்டையில் மோதி, வாய்க்கால் சரிவில் வண்டியோடு நாணலுக்குள் விழுந்தான்.

ரத்தம் அதிகமில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வெங்கிண்ணே, போயிடாதீங்க. பயமா இருக்கு."

எனக்கும்தான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லவில்லை. சொன்னால், வரும்வரை கூடவே நில்லுங்கள் என்பார்கள். நான் நின்றால் செயலியின் வரைபடத்தில் என் புள்ளியும் நின்றுவிடும்.

அவனுக்கும் ஒரு புள்ளி உண்டே என்று அப்போதுதான் நினைவு வந்தது. என் பிழைப்பு போனாலும் அவன் பிழைப்பு கெடக்கூடாது. அவன் கட்டைவிரலை வைத்தே அவன் போனைத் திறந்து, சாப்பாட்டுப் பையோடு எடுத்துக்கொண்டேன். இரண்டு ஆர்டரையும் சூடாகவே கொடுத்தேன்.

திரும்பத்தான் நினைத்தேன். அதற்குள் அவன் போனில் அடுத்த ஆர்டர். மறுத்தால் அவன் மதிப்பெண் குறையும். நல்ல பேர் எடுத்தவன்; எனக்குத் தூறலாக வருவது அவனுக்கு மழையாகக் கொட்டியது. நடுவில் அவன் மனைவி ஹஃப்ஸா அழைத்து, சாப்பிட்டாரா என்று கேட்டாள்.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கான்மா. நான் சொல்லிடுறேன்" என்றேன்.

சாயங்காலம் நெல் அள்ள வந்தவர்கள்தான் அவனைக் கண்டார்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருந்தது, மதியமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றாராம் டாக்டர்.

அவனை விட்டுப் போனது நான்தான். யாரையும் கூப்பிட முடியாமல் போனை எடுத்துப் போனதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அன்று அவன் கணக்கில் ஒரு தாமதம்கூட இல்லை, ஐயா. அதை மட்டும் ஹஃப்ஸாவிடம் சொல்லிவிடுங்கள். அவள் மனசு கொஞ்சம் ஆறும்.