மறந்துபோகும் மூச்சு

குழந்தைத் துணியை மற்ற துணிகளோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது. தனி வாளி, தனி சோப்பு. தங்கை மகளின் துணிகளை நான் அப்படித்தான் துவைத்தேன். அக்கறை இல்லாதவள் என்று என்னை நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தவள் நான். தையல் மிஷின் மிதித்துப் படிக்கவைத்தேன், கட்டிக்கொடுத்தேன். அவள் கணவனுக்கு வெளியூரில் வேலை. ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பிள்ளையைப் பெற்றாள். அதைப் பல வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள்.

பிள்ளை தூங்கும்போது மூச்சு ஒரே சீராக வராது. வேகவேகமாக இழுக்கும், அப்படியே நின்றுவிடும், மறுபடி தொடங்கும். நர்ஸம்மா எங்கள் இருவருக்கும் சொல்லித்தந்தார். "குறைமாசப் பிள்ளைங்க தூக்கத்துல மூச்சு விட மறந்துரும். உள்ளங்கால லேசா சுண்டுங்க, ஞாபகம் வந்துரும்." வயிற்றில் ஒட்டிவைக்க ஒரு சின்னக் கருவியும் கொடுத்தார்கள். மூச்சு நின்றால் அது அலறும்.

தங்கை அந்தக் கருவியை நம்பவில்லை. கண் கொட்டாமல் பிள்ளையின் மார்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். எடுத்த கவளம் கையிலேயே காயும். துரும்பாகிப் போனாள். பார்க்கிற எனக்குத்தான் வயிறு எரிந்தது.

கடைசியாகக் காட்டப் போனபோது, அவள் பிள்ளைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டர் என்னிடம் சொன்னார். மூச்சு சீராகி வருகிறதாம். சீக்கிரமே கருவியை எடுத்துவிடலாம், பிறகு தாராளமாகக் கணவன் ஊருக்குப் போகலாம் என்றார். நல்ல மனிதர். தங்கையிடம் சொல்லத்தான் இருந்தேன். பொய்யான நம்பிக்கை கொடுப்பது பாவம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவளை வற்புறுத்திப் பக்கத்து அறையில் படுக்கவைத்தேன்.

"ஒரு கண்ணு வச்சுக்கோக்கா," என்றாள்.

"நான் இருக்கேன்ல. நீ தூங்கு."

அடித்துப்போட்டது போல் தூங்கினாள். கருவி அலறினால் எழுந்துவிடுவாளே என்று அதை நிறுத்தினேன். பிள்ளையை என் பக்கத்தில் கிடத்திக்கொண்டு ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். மூச்சு நின்றது. தானே தொடங்கும் என்று பார்த்தேன், தொடங்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. கால் என் முழங்கையை ஒட்டித்தான் இருந்தது. நூலைக் கடித்து அறுத்துவிட்டு அடுத்த பொத்தானை எடுத்தேன். சட்டையை முடித்து மடித்துவைத்த பிறகு கருவியை முடுக்கினேன். அது அலறியது. தங்கை ஓடிவந்தாள்.

குறைப்பிரசவம், கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் கணவன் மட்டும், "பெத்தவளுக்கு அப்படி என்ன தூக்கம்?" என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தனியாக ஊர் திரும்பினான். அன்றிலிருந்து அவள் படுப்பதே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். தலை வாரினால் சின்ன வயதில் காட்டியது போலக் காட்டுகிறாள். ஊட்டினால் சாப்பிடுகிறாள். என்னோடுதான் இருக்கிறாள்.

அவள் தன்னையே பழித்துக்கொள்ளக் கூடாது என்றுதான் ஸ்டேஷன் தேடி உங்களிடம் வந்தேன். அவள் தூங்கியதால் பிள்ளை சாகவில்லை. நான் சாகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் சொல்லும்போது, அக்கா உனக்காகத்தான் செய்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்து அனுப்பினால் நல்லது. அவளுக்கு ஊட்டிவிட என்னை விட்டால் யாரும் இல்லை.