முடியை இறக்கும் கை

டீ வேண்டாம் ஐயா. விரத நாளில் வெளிக்கடையில் எதையும் தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய பிறகும் அந்தப் பழக்கம் கொஞ்ச நாளைக்குப் போகாது. நீங்கள் குடியுங்கள், ஆறிவிடும்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். பள்ளத்திலிருந்து பிச்சைமுத்துவைத் தூக்கியபோது அவர் வலக்கை விரல்கள் தலைமூட்டையை இறுகப் பிடித்திருந்தன என்று மலையிலிருந்து உங்கள் ஸ்டேஷனுக்கு எழுதியிருக்கிறார்கள். விழுகிற மனுஷன் மூட்டையையா பிடித்துக்கொண்டிருப்பான் என்று கேட்டீர்கள். நீங்கள் வேதக்காரர், அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவர். உங்களுக்கு இது தெரிந்திருக்காது. சபரிமலைக்குப் போகிறவன் இருமுடியைத் தானாகத் தலையில் ஏற்றவும் கூடாது, தானாக இறக்கவும் கூடாது. குருசாமி கைதான் ஏற்ற வேண்டும், குருசாமி கைதான் இறக்க வேண்டும். எங்கள் கோஷ்டிக்குக் குருசாமி நான்.

பொன்னமராவதி கடலை மண்டியில் நான் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். மற்ற மாதங்களில் முதலாளி என்னை, "ஏய் அழகுமலை, அங்கிட்டுத் தூக்கிப் போடுறா" என்பார். கார்த்திகை பிறந்து மாலை போட்டுவிட்டால் அதே முதலாளி அதே மண்டி வாசலில் என் காலில் விழுவார். அவருடைய வழுக்கைத் தலையை அப்போதுதான் நான் மேலேயிருந்து பார்ப்பேன். அந்தச் சந்தோஷத்தை உங்களுக்குச் சொன்னால் புரியாது. உங்களுக்குத்தான் வருஷம் முழுக்க சல்யூட் அடிக்கிறார்களே.

பிச்சைமுத்து சைக்கிள் கடை வைத்திருந்தார். முதல் வருஷம் மலைக்கு வருகிற கன்னிசாமி. நல்ல மனுஷர், அவர் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மார்கழிக் கடைசியில் பூஜைச் சாமான் வாங்கத் திருமயம் போயிருந்தேன். பஸ் வரத் தாமதம். பசி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மிலிட்டரி ஓட்டலில் ஒரு தட்டு கறிச்சோறு சாப்பிட்டேன். மாலை தெரியாமல் துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தேன். கை கழுவ வெளியே வந்தால், சைக்கிள் டயர்க் கட்டோடு பிச்சைமுத்து நிற்கிறார். என் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நான் அவருக்கு முடி கட்டித் தலையில் ஏற்றினேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். வண்டிப்பெரியாற்றில் பஸ்ஸை விட்டிறங்கி, காட்டுக்குள் ஏற்றம் தொடங்கிய பிறகுதான் எனக்குப் பின்னால் நடந்து வந்து மெதுவாகச் சொன்னார்.

"சாமி, வெரதம் முறிஞ்ச கையால கட்டுன முடிங்க இது. இதோட யாரும் படி ஏறக் கூடாது. படிக்கு முன்னாடி எல்லாச் சாமிககிட்டயும் நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நல்லாருக்காது."

"சொல்றேன் சாமி," என்றேன்.

ஒவ்வொரு மலையைத் தாண்டும்போதும், "சொல்லிட்டீங்களா சாமி" என்று கேட்பார். கோபமே இல்லாமல் கேட்பார். சண்டை பிடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். முடி தலையில் ஏறிய பிறகு வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. முன்னால் பதினெட்டுப் படி, பின்னால் பிச்சைமுத்து. எனக்குப் பயமாக இருந்தது ஐயா. அத்தனை பெரிய மலையில் எனக்கு மட்டும் ஒதுங்க இடமில்லை. தை பிறந்து ஊருக்குத் திரும்பினால் மண்டியில் என்னை என்னவென்று கூப்பிடுவார்கள் என்பதே நினைப்பாக இருந்தது.

கடைசி நாள் புல்மேட்டில் நல்ல பனி. இறங்கினால் அன்று சாயங்காலம் சன்னிதானம். மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டுக் கன்னிசாமியை என்னோடு வைத்துக்கொண்டேன். பேசிப் பார்க்கலாம் என்றுதான். பேசினேன். அவர் தலையை ஆட்டி, "நீங்க சொல்லலேன்னா நான் சொல்லித்தான் ஆகணும் சாமி," என்றார். சொல்லிக்கொண்டே ஈரப் புல்லில் கால் வைத்தார், வழுக்கியது.

நான் தள்ளவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் பள்ளத்து விளிம்பில் நெஞ்சு வரைக்கும் சரிந்து, இடக்கையால் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டார். வலக்கை தலையில் முடியைப் பிடித்திருந்தது.

"சாமி, முடியை எறக்குங்க," என்றார்.

வலுவான ஆள். இரண்டு கையும் கிடைத்திருந்தால் தானாகவே ஏறியிருப்பார். என் முடியை ஒரு கையால் பிடித்திருந்தேன், இன்னொரு கை சும்மாதான் இருந்தது. எட்டுகிற தூரந்தான்.

"முடியை விட்றாதீங்க சாமி. கன்னி முடி கீழ விழுந்தா குடும்பத்துக்கு ஆகாது. இந்தா வாரேன்," என்றேன். நின்ற இடத்திலேயே நின்றேன்.

முன்னால் போனவர்களுக்கு அவர் குரல் கேட்டுவிடக் கூடாதே என்று, "சாமியே" என்று உரக்கச் சொன்னேன். பனிக்குள்ளிருந்து எல்லோரும் "ஐயப்போ" என்றார்கள். கீழேயிருந்து பிச்சைமுத்துவும் சொன்னார். மறுபடி சொன்னேன். அவரும் மறுபடி சொன்னார், கொஞ்சம் மூச்சு வாங்கியது. அடுத்த தடவை கீழேயிருந்து பதில் வரவில்லை. நான் இறங்கிப் போய் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டு, கன்னிசாமியைக் காணோம் என்றேன்.

ஊருக்கு வந்ததும் அவர் சம்சாரம் செவந்தி என் காலில் விழுந்து அழுதது. கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டது. சரணம் சொன்னார் என்றேன். அதில் பொய் இல்லை.

"விடுங்க சாமி, பாவம் எனக்கு" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார், பிழைத்திருப்பார். சொல்லாமல் கொன்றேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். நான் விரதம் கெட்டவன் என்று அவர் மனசார நினைத்திருந்தால் முடியைத் தானே தூக்கி எறிந்திருப்பார். கடைசி வரைக்கும் என் கைக்குத்தான் காத்திருந்தார். அந்தக் கறிச்சோற்றை அவர் மன்னித்துவிட்டார் ஐயா.