இரண்டும் இடது

இரவு எட்டேமுக்கால். ஷூ கம்பெனியின் பின்பக்கக் கேட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற மண் பாதை. விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் கருவேல முள். அந்தப் பாதையில் ஒருத்தி தனியாக, ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள்...

அவள் பெயர் இவாஞ்சலின். நம் கிரேஸியின் சித்தி. கிரேஸி சொல்லித்தான் இது நமக்குத் தெரியும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலைச் சாத்திவிடுங்கள். வேண்டாம், திறந்தே இருக்கட்டும். சாத்தினால் வெளியே என்ன என்று தெரியாது.

இவாவின் ஊர் தோணிக்குப்பம். ஆம்பூருக்குக் கொஞ்சம் தள்ளி, பாலாற்றங்கரையில் ஒரு சின்னப் பேரூராட்சி. தோணி பெயரில்தான். கரையிலிருந்து கரைவரை வெறும் மணல். ஊரில் யாரும் அதை ஆறு என்று சொல்வதில்லை. பீச்சு என்பார்கள். ஞாயிறு சாயங்காலமானால் கோயில் தெரு, சர்ச் தெரு, மசூதித் தெரு எல்லாம் அங்கேதான். சுண்டல், பலூன் சுடுகிற கடை, அன்வரி பேகத்தின் சமோசா. தோல் பதனிடுகிற ஷெட்டுகளில் தோலிலிருந்து உதறிய உப்பு கரையோரம் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும். காற்று அடித்தால் உதடு கரிக்கும்.

"மணல் கீது, உப்பு கீது, காத்து கீது," என்பாள் அன்வரி பேகம். "கடல் ஒண்ணுதான் பாக்கி. அதுவும் ஒரு நாளு வரும்."

வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை இரவில், ஆறு முழுக்க வந்தது. பாலம் விரிசல் விட்டது, ஆள்கூட நடக்க முடியாமல் அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வண்டியெல்லாம் ஆம்பூரைச் சுற்றித்தான் வர வேண்டும்.

அந்த இரவில் அக்கரையிலிருக்கும் ஷூ கம்பெனியிலிருந்து மணலைக் கடந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள் முத்துமாரி. இவாவோடு ஒரே மேஜையில் வேலை செய்தவள். மணல் லாரிக்காரர்கள் நடு ஆற்றில் ஒரு குழி தோண்டி விட்டிருந்தார்கள். அதில்தான் போயிருப்பாள் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை.

முத்துமாரியின் ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வியாபாரிக்குக் காட்ட முதலில் ஒரு சாம்பிள் தைப்பார்கள். இவாவின் கம்பெனியில் அதை இடது காலுக்கு மட்டும்தான் தைப்பார்கள். சோடியாகத் தைத்தால் எவளாவது போட்டுக்கொண்டு போய்விடுவாள் என்று முதலாளிக்குப் பயம். தோணிக்குப்பத்துப் பெண்களா விடுவார்கள்? கழித்துப் போட்ட சாம்பிளில் இரண்டு இடதை எடுத்து, இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். முத்துமாரிக்குச் சின்னக் கால், நாலாம் அளவு. சாம்பிள் நாலில் வந்தால் அது அவளுக்குத்தான்.

"எனக்கு ரெண்டுமே லெஃப்ட்டுக்கா," என்று சிரிப்பாள். "அதான் நேரா நடக்க வர்ல. ஒரு நாளு ஒழுங்கா சோடி போட்டுக்கினு எங்க அம்மா முன்னாடி போய் நிக்கப் போறேன், பாரு."

அவள் அம்மா அமிர்தவள்ளி, மகள் போன நாளிலிருந்து இரவில் வாசற்கதவைச் சாத்தவில்லை. மழையோ, நாய் உள்ளே வருமோ... கதவு திறந்தே கிடக்கும்.

அடுத்த வருடம் முதல் மழை பெய்த மறுநாள் காலையில், மணலில் காலடி தெரிந்தது. கம்பெனிக் கரையிலிருந்து நடு ஆறுவரை. இடது, இடது, இடது, இடது. குழியோரத்தில் நின்றுவிட்டது. எவனோ குறும்புக்காரன் வேலை என்றார்கள். ஆனால் எவனுக்கு அத்தனை சின்னக் கால்?

வழி காட்டுகிறாள் என்றார்கள் சிலர். இழுக்கிறாள் என்றார்கள் சிலர். அன்வரி பேகத்துக்கு அதிலும் ஒரு யோசனை. "அவ பின்னாடி போவாத. அவ முன்னாடியும் போவாத. பக்கத்துல நட. தோஸ்த் மாதிரி."

இவா சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

முதலில் சொன்ன அந்த இரவு, கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். எல்லாருக்கும் ஓவர்டைம். சோடி சேர்ப்பது இவாவின் வேலை. இடதையும் வலதையும் பக்கத்தில் வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா, தையல் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பெட்டியில் போட வேண்டும். எட்டரைக்கு அவள் போன் அடித்தது. பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா. இவாவின் இரண்டு வயதுப் பையன் நெல்வினைப் பார்த்துக்கொள்கிறவள்.

"இவா, புள்ளைக்கு ஜுரம் ஜாஸ்தியா கீது. கண்ணு மேல போய்ட்டு வருது. அந்த மூக்குல அடிக்கிற மருந்து எங்க வெச்ச?"

நெல்வினுக்குக் காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும். வந்தால் உடனே மூக்கில் அடிக்க டாக்டர் ஒரு மருந்து கொடுத்திருந்தார். எப்போதும் அலமாரியில் இருக்கும். முந்தின ஞாயிறு பையனை வெளியே கூட்டிப் போனபோது இவா அதைக் கைப்பையில் போட்டாள். திரும்ப எடுத்து வைக்கவில்லை.

கைப்பையைத் திறந்தாள். இருந்தது... அவள் கையில் இருந்தது. பையன் அக்கரையில்.

"ஆஸ்பத்திரிக்குப் போவ ஆட்டோ சொல்லிகீறேன்," என்றாள் அஜீஸுன்னிசா. "சுத்தினு போவணுமே. அதுவரைக்கும் தாங்குமாடி?"

கணவன் ரிச்சர்டுக்குக் காட்பாடியில் இரவு வேலை. கம்பெனி வேன் பத்து மணிக்கு முன்னால் கிளம்பாது. சூப்பர்வைசர் கிருபானந்தம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போம்மா," என்றார். உடனே, "ஆத்துல மட்டும் எறங்காத. மேல அணை வழிஞ்சிடுச்சாம். ராத்திரியே தண்ணி வருதுன்றாங்க," என்றார்.

இவா கைப்பையைத் தோளில் மாட்டினாள். பின்பக்கக் கேட்டைப் பார்த்து நடந்தாள்.

மணலில் கால் வைத்தபோது லேசாகத் தூறியது. போன் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. அக்கரையில் ஊர் விளக்குகள் மங்கலாக... அவற்றில் ஒன்று தன் வீடு என்று வைத்துக்கொண்டு நடந்தாள். கிறிஸ்துமஸுக்கு ரிச்சர்ட் வாங்கிக் கொடுத்த கறுப்பு ஷூ. ஆறாம் அளவு, பக்கத்தில் வார். ஈர மணலில் சளக், சளக் என்றது.

கொஞ்ச தூரம் போனதும் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று தெரியவில்லை. பிறகு புரிந்தது. நாற்றம்... சுண்ணாம்பில் ஊறுகிற தோலின் நாற்றம். பிறந்ததிலிருந்து மூக்கிலேயே இருப்பது, அதனால் இருப்பதே தெரியாதது. அது நின்றுவிட்டது. கதவைச் சாத்தின மாதிரி நின்றுவிட்டது.

அதற்குப் பதிலாக வேறொரு வாசனை. புது ஷூ பெட்டியைத் திறந்தால் வருமே... தோலும் பசையும் கலந்த வாசனை. நடு ஆற்றில்.

வெளிச்சத்தைக் கீழே திருப்பினாள்.

காலடி. சின்னது. அடுத்தது. அதற்கடுத்தது. சோடி சேர்க்கிறவளுக்கு இரண்டாவது தரம் பார்க்க வேண்டியதில்லை. இடது, இடது, இடது.

பின்னால் இருந்த தடங்களில் தண்ணீர் நிறைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்த தடத்தில் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது...

இவா நின்றாள். வேறு சத்தமே இல்லை. தூரத்தில், மேற்கே, ஹோ என்று ஒரு இரைச்சல் மட்டும். காற்றா, தண்ணீரா தெரியவில்லை. திரும்பிப் போகலாம். போனால் பையன்?

நெல்வினின் கண் மேலே போவதை நினைத்தாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான் போவணும் மாரி," என்றாள். "புள்ளைக்கு முடியல."

தடத்தின் மேல் கால் வைக்காமல், பக்கத்தில் நடந்தாள். அவள் வேகமாகப் போனால் அதுவும் வேகமாக வந்தது. சளக், சளக் என்று அவள் சத்தம். இன்னொரு சத்தம் இல்லை. தடம் மட்டும்... தடம் மட்டும் வந்தது.

பிறகு நின்றது.

முன்னால் மணல், எல்லா மணலையும் போலத்தான் இருந்தது. தட்டையாக, ஈரமாக. ஆனால் காலடி அங்கே முடிந்திருந்தது. இதுதான் குழி என்று இவாவுக்குத் தெரிந்தது. சுற்றிப் போக இடது பக்கம் ஒதுங்கினாள். இரண்டு எட்டு வைத்திருப்பாள். வலது கால் இறங்கியது. முழங்கால்வரை. ஐஸ் மாதிரி தண்ணீர்.

இழுத்தாள். வரவில்லை.

புதைமணல் இழுக்கும், எல்லாருக்கும் தெரியும். இது இழுக்கவில்லை. கடையில் ஷூ போட்டுப் பார்க்கும்போது கடைப் பையன் குதிகாலைப் பிடிப்பான் பாருங்கள்... அப்படி. பதமாக. அப்புறம் வார் கழன்றது. தானாகக் கழன்றால் படக்கென்று கழலும். இது ஒவ்வொரு துளையாக, நிதானமாக...

மேற்கே இரைச்சல் பெரிதாகிவிட்டது. இப்போது அது காற்றில்லை.

"எடுத்துக்கோ," என்றாள் இவா. "எடுத்துக்கோடி. என்னை விடு."

கால் சுலபமாக வெளியே வந்தது. வெறுங்கால்.

ஓடினாள். ஒரு கால் ஷூவோடு, ஒரு கால் இல்லாமல். ஒரே ஒரு முறை திரும்பினாள். போன் வெளிச்சம் ஒரு கணம் குழியோரத்தில் விழுந்தது. அங்கே ஒரு ஷூ இருந்தது. அவளுடையது இல்லை. சின்னது, இடது கால். வாசலில் கழற்றி வைப்பது போல, ஒழுங்காக, ஊரைப் பார்த்து வைத்திருந்தது.

கரை ஏறி, உப்புக் குவியலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுக்குப் பின்னால் ஆறு வந்தது. முள், பிளாஸ்டிக் குடம், பலூன் கடையின் மரப்பலகை எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வந்தது.

நெல்வின் அஜீஸுன்னிசாவின் மடியில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். உதடு நீலம். இவா மருந்தை மூக்கில் அடித்தாள். இரண்டு பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்... கொஞ்சம் கொஞ்சமாகக் கை தளர்ந்தது. கண் கீழே வந்தது. பையன் அழுதான். அந்த அழுகையைக் கேட்டதும்தான் அஜீஸுன்னிசா இவாவின் காலைப் பார்த்தாள்.

"இன்னாடி, ஒத்த ஷூவோட வந்துகீற?"

"ஆத்துல போயிட்ச்சி," என்றாள் இவா.

காலையில் மழை விட்டிருந்தது. பால் வாங்கப் போன அஜீஸுன்னிசா போன வேகத்தில் திரும்பி வந்தாள். இவாவின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாள்.

தெருச் சேற்றில் காலடி. கரைப் படியிலிருந்து ஏறி வந்திருந்தது. இந்தத் தரம் இடது, வலது, இடது, வலது. யாரோ அவசரமில்லாமல் நேராக நடந்து வந்த மாதிரி. இடது நாலாம் அளவு. வலது ஆறாம் அளவு.

இவாவின் வீட்டைத் தாண்டிப் போயிருந்தது. நிற்கவே இல்லை. தெருக்கோடியில், அமிர்தவள்ளி வீட்டு வாசற்படியில் முடிந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

மூன்று வருடமாகச் சாத்தாத கதவு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுச் சாத்தியிருந்தது.

தட்டலாமா என்று அஜீஸுன்னிசா கண்ணால் கேட்டாள். இவா தலையாட்டிவிட்டாள், வேண்டாமென்று.

அந்த வாரம் முழுக்க அமிர்தவள்ளி வெளியே வரவில்லை. வீட்டில் அடுப்புப் புகை மட்டும் தெரிந்தது. இரண்டு வேளையும் தெரிந்தது. ராத்திரியில் பேச்சுக் குரல் கேட்கிறது என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அமிர்தவள்ளியின் குரல் மட்டும். நடுநடுவே நிறுத்தி, பதில் கேட்டுவிட்டுப் பேசுகிற மாதிரி...

ஞாயிறு ஆராதனை முடிந்து இவா வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். நெல்வின் இடுப்பில். பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. அமிர்தவள்ளி. தலை வாரி, பூ வைத்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அவளை அப்படிப் பார்த்து மூன்று வருடமாகியிருந்தது. கையில் கொஞ்சம் மல்லிகை கொண்டுவந்திருந்தாள். இவாவின் கையில் வைத்தாள். சொல்லலாமா என்று தயங்கினாள். பிறகு, பக்கத்து வீட்டில் தயிர் கேட்கிற மாதிரி, தணிந்த குரலில் கேட்டாள்.

"கம்பெனில ஷூவுக்குள்ள போடற இன்சோல் அட்டை ஒண்ணு கெடைக்குமா கண்ணு? வலது காலுக்கு மட்டும் போதும். கொஞ்சம் லூசா கீதாம்."