மீன் படாத இடம்

மூதூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் நரைத்த தலையோடு இரண்டு பேர். லப்டொப்பை மடியில் வைத்திருந்தவர் சொன்னார்:

“இந்தப் புது லப்டொப்புக்குள்ள பழைய விண்டோஸை ஓடவிட்டும், முதல்ல எங்கட வள்ளத்து ஜிபிஎஸ்ஸை அதுக்குத் தெரியேல்லை, மச்சான்.”

“வயர் பழுதோ?”

“இல்லை. வயருக்கு லப்டொப் அஞ்சாம் போர்ட் எண்டு நம்பர் குடுத்திருக்குது. பழைய விண்டோஸ் ஒண்டாம் போர்ட்டையே பாத்துக்கொண்டு நிண்டது. மாத்திவிட்டன். மீன் படுற இடமெண்டு நாங்கள் குறிச்சு வைச்சதெல்லாம் வந்திட்டுது.”

மற்றவர் திரையில் தெரிந்த கடல் வரைபடத்தில் விரலை ஓட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இதென்ன, என்ர பேர் கிடக்குது? இதில ஒருநாளும் மீன் படேல்லையே.”

“மீனுக்கில்லை. அண்டைக்கு நீ கடலுக்க விழுந்த உடன குறிச்சனான். வள்ளத்தைத் திருப்பி வந்து உன்னைத் தூக்கவேணுமெல்லோ.”