இருவருக்கான கியர்

லண்டனில் இரண்டு அங்குலம் ஸ்னோ கொட்டினால் பஸ்கூட ஒழுங்காக ஓடாது. இந்த ஊரில் இருந்துகொண்டு ஒருவன் பனிமேல் ஓடுகிற ஸ்னோமொபைல் வாங்கினால் அவனுக்குக் கொழுப்பு கூடிவிட்டது என்றுதான் அர்த்தம். டிலுக்சன் வாங்கினான். என் மனைவி மேனுஷாவின் தங்கை ஜதுர்ஷிகாவைக் கட்டியவன். ஒவ்வொரு குளிர்காலமும் நோர்வேக்குப் போய், உறைந்த ஏரியில் ஓட்டிவிட்டு வருவான்.

நீங்கள் கேட்டபடியால் முதலிலிருந்தே சொல்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன், கிங்ஸ்பரியில் ஒரு கலியாண வீட்டிலிருந்து மேனுஷாவை வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லிக் காரில் ஏற்றியவன் அவன்தான். கொட்டுகிற மழையில் பறந்தான். அவள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். அவனுக்கு நெற்றியில் ஒரு கீறல். றோட்டு வழுக்கியது என்றான், கோர்ட்டில் நம்பினார்கள். செத்தவீட்டில் என் தோளைப் பிடித்து, "என்ன செய்யிறது அண்ணை, மனசைத் தேற்றுங்கோ" என்றான். அன்று தொடங்கிய வெறுப்பு ஒருநாளும் குறையவில்லை.

ஆனாலும் எங்கள் ஆட்களில் சகலனைத் திவசத்துக்குக் கூப்பிடாமல் விட முடியாது. போன வருடமும் வந்தான். மேனுஷாவின் படத்துக்கு முன் படைத்த சோற்றைச் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் பாயசம் வாங்கிக்கொண்டு கேட்டான்.

"அண்ணை, என்ர ஸ்னோமொபைல் நூறுக்கு மேல போகுதில்லை. கியரை மாத்தித் தர ஏலுமோ?"

எனக்குக் குட்மேய்ஸில் கராஜ் இருக்கிறது. "ஓம், கொண்டு வா" என்றேன்.

பெரிய வேலை இல்லை. எஞ்சினின் ஓட்டத்தை மேல் பல்சக்கரத்திலிருந்து கீழ்ப் பல்சக்கரத்துக்கு ஒரு சங்கிலி கொண்டுபோகிறது. மேலே பெரிதும் கீழே சிறிதுமாகப் போட்டால் உச்ச வேகம் கூடும், கிளம்பும்போது இழுவை குறையும். பாரம் கூடினால் இந்தக் கணக்கு மாறும். அதனால் எந்த மெக்கானிக்கும் கேட்பதையே நானும் கேட்டேன்.

"தனியவோ, ரண்டு பேரோ?"

"ரண்டு பேர் அண்ணை. இந்தமுறை அவவும் பின்னால ஏறுறா."

அதுவரை அவன் சாக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். சின்னப்பிள்ளைத்தனம். செத்தவனுக்கு என்ன வலி?

பல்சக்கரங்களைக் குறையில்லாமல் மாற்றினேன். அவன் கேட்ட வேகம் கிடைத்தது. சங்கிலி மட்டும் தேய்ந்த பழையது. புதியது இன்னும் கராஜில் பெட்டி உடைக்காமல் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் பழையது தாங்காது. அவனுடைய வண்டியில் பிரேக்கும் அந்தச் சங்கிலி வழியாகத்தான் வேலை செய்யும். அது அறுந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. முன்னால் இருப்பவனுக்குப் பிடித்துக்கொள்ள ஹாண்டில் உண்டு. பின்னால் இருப்பவளுக்கு அவன் மட்டும்தான்.

நோர்வேக்கு அனுப்புவதற்கு முன் ட்ரெய்லரில் ஏற்றி வண்டிப் பூசைக்கு ஆர்ச்வே முருகன் கோவிலுக்குக் கொண்டுபோனோம். சில்லே இல்லாத வண்டிக்குத் தேசிக்காயை எங்கே வைப்பது என்று ஐயர் முழித்தார். முன்பக்கச் சறுக்குக் கட்டைகளுக்குக் கீழே வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜதுர்ஷிகா மெல்ல என் பக்கம் வந்தாள். "எனக்கு இதில ஏறப் பயமாக் கிடக்கு, அத்தான். நீங்கள் பாத்தனீங்கள் எண்டாத்தான் ஏறுவன்."

"வடிவாப் பாத்திட்டன். பயப்பிடாமல் ஏறு" என்றேன்.

நோர்வேயில் சங்கிலி அறுந்து வண்டி ஏரிக்கரைப் பாறையில் மோதியிருக்கிறது. அவள் தூக்கி எறியப்பட்டு இறந்துபோனாள். அவன் காலை முறித்துக்கொண்டு பிழைத்தான். நான் விரும்பியதும் அதுதான். இப்போது நித்திரை இல்லையாம். சோற்றைப் போட்டுக் கொடுத்தால் பார்த்துக்கொண்டே இருக்கிறானாம். கேட்க எனக்கு இதமாக இருக்கிறது.

ஜதுர்ஷிகா நல்ல பிள்ளை. தமக்கை போன பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்குச் சமைத்துக் கொண்டுவந்து தந்தவள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அதையும் வாக்குமூலத்தில் பதிந்துகொள்ளுங்கள். அவளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை, தண்டனை கொடுத்தது அவனுக்கு மட்டும்தான்.