வாசலில் ரெண்டு வாஷிங் மெஷின்

— தொடையைத் தட்டாதீங்க. கையை மடியில வைங்க. மறுபடியும் முதல்லேர்ந்து.

— எத்தனை வாட்டி? நாளைக்கு இன்டர்வியூலயே தூங்கிடப் போறேன்.

— ஸ்கூல் திறந்ததிலேர்ந்து அதைத்தானே பண்றீங்க.

— குத்திக்காட்டு. புருஷனுக்கு வேலை போனா பொண்டாட்டிக்கு நாக்கு நீளும்.

— உங்கம்மா போன் பண்றப்போ எல்லாம், ‘லீவுல இருக்காரு அத்தை’ன்னு சமாளிக்கறது இந்த நாக்குதான். ம், சொல்லுங்க. நீங்க சந்திச்ச பெரிய சிக்கல் எது? எப்படித் தீர்த்தீங்க?

— இஸ்திரி மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்துட்டா நிஜமாவே மேனேஜர் களை வந்துடுது உனக்கு.

— பதில்.

— சரிங்க மேடம். போன கம்பெனியில ஆன்லைன் கடையை எங்க டீம்தான் பாத்துக்கிட்டோம். திடீர்னு, ஒரு ஆர்டர் போட்டா ரெண்டு டெலிவரி போக ஆரம்பிச்சுது. ஒரு அம்மா வீட்டு வாசல்ல ரெண்டு வாஷிங் மெஷின்!

— ‘ஒரு அம்மா’ வேண்டாம். ‘ஒரு கஸ்டமர்’.

— பதில் வரத் தாமதமானா, ஆப் அதே ஆர்டரைத் தானாவே இன்னொரு தரம் அனுப்பும். சர்வர் அதைப் புது ஆர்டர்னு எடுத்துக்கிச்சு.

— இங்கதான் குறுக்க வெட்டுவாங்க. ‘அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?’

— சர்வர் பதிஞ்சு வெச்ச லாக் எல்லாம் அலசிப் பாத்து...

— அலசி அலசித் தலையைப் பிச்சுக்கிட்டீங்க.

— அதையா போய்ச் சொல்ல முடியும்?

— சின்னவன் பால் கேட்டான். எனக்குக் காதுல விழலை. மறுபடி கேட்டான். துணி மடிச்சுக்கிட்டே நான் என்ன சொன்னேன்?

— ‘ரெண்டு தரம் கேட்டான்னு ரெண்டு டம்ளரா குடுப்பேன்? ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நம்பரைக் கட்டி விடுங்க, அதே நம்பர் திரும்ப வந்தா கண்டுக்காதீங்க’ன்னே.

— நல்லாவே ஞாபகம் இருக்கு.

— இருக்கு. ஆனா ‘எங்க வீட்டம்மா சொன்னா’ன்னா சிரிப்பாங்க.

— வீட்டம்மா! பெரியவ பிறக்கறவரைக்கும் நானும் சம்பளம் வாங்கிக்கிட்டு இதே வேலைதான் பாத்தேன்.

— இல்லைன்னு யாரு சொன்னா? இன்டர்வியூல ‘நான், நான்’னுதான் பேசணும். ‘நாங்க’ன்னாலே மார்க் போயிடும்.

— ஆமா. ‘நான்’னுதான் பேசணும்.

— என்கிட்ட உருப்படியா இருக்கறது இந்த ஒரு கதைதான். இதை விட்டா, மத்ததெல்லாம் யாரோ சொன்ன வேலையைச் செஞ்சதுதான்.

— மூணு பேர் இருப்பாங்க. நடுவுல உக்காந்திருக்கறவர் பேனாவைத் தட்டிக்கிட்டே இருப்பார். பதறாதீங்க. கேள்வியெல்லாம் ஓரத்துல இருக்கற பொண்ணுதான் கேக்கும்.

— கூடவே இருந்து பாத்த மாதிரி சொல்றே!

— தண்ணி வேணுமா?

— வேண்டாம். இருக்கறது ஒரே ஒரு இடமாம். கிடைக்கும்ங்கறியா?

— இந்த வீட்டுக்குக் கிடைச்சிடும்னு தோணுது.

— உன் வாய்க்குச் சர்க்கரை போடணும். நாளைக்குச் சின்னவனை உன்கூடவே வெச்சுக்கோ. நேத்து நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள சுவரு முழுக்கக் கிறுக்கித் தள்ளிட்டான். என்னால அவனைச் சமாளிக்க முடியலை.

— பாத்தேன். பழகிக்குங்க.

— நான் எதுக்குப் பழகணும்?

— வேற கதை ஏதாவது யோசிங்க. வாஷிங் மெஷின் கதையை அந்த மூணு பேர்கிட்டயும் நேத்தே நான் சொல்லிட்டேன்.